எண்பதுக்கு எழுபத்தெட்டு

"மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார் மொசியா தொலைபேசியில், குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டேன் என்பதுபோல.

லிம்போ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "எந்த மாத்திரையப்பா?"

"ரத்தக் கொதிப்பு மாத்திரைதான். இனிமே காலையில ரெண்டு சொட்டு கஞ்சா எண்ணெய். செடி கொல்லையிலயே நிக்குது. போன்ல போட்டிருக்கு."

"எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? பாகிசோ வாசிச்சார், நான் கேட்டேன்."

தலைநகர் மசேருவில் ஒரு சுகாதார அலுவலகத்தில் லிம்போவுக்கு வேலையே இதுதான். மருத்துவக் கஞ்சாவைப் பற்றி இணையத்தில் எழுதியிருப்பதை எல்லாம் படித்து மதிப்பெண் போட வேண்டும். எழுதியவர் யார், ஆதாரம் எது, தேதி இருக்கிறதா, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறதா என்று பதினாறு கேள்விகள். கேள்விக்கு ஐந்து வீதம் எண்பது மதிப்பெண். இதுவரை நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் பார்த்துவிட்டாள். பெரும்பாலானவை முப்பதைத் தொடவில்லை. ஒரு பக்கம் வழுக்கைக்கும் புற்றுநோய்க்கும் ஓடிப்போன கணவன் திரும்பி வருவதற்கும் ஒரே எண்ணெயைச் சொன்னது. ஊருக்கெல்லாம் மதிப்பெண் போட்டவள் சொந்த அப்பாவைக் கோட்டைவிட்டுவிட்டாள்.

"அப்பா, அது பொய். நான் சொல்றேன்ல."

"நீ நேத்து மூக்கு ஒழுகிக்கிட்டு நின்னவ. அது கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கற டாக்டருங்க எழுதறது."

மொசியா சிறுவயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் வாழும் மலையூரில் அப்போது பெண்பிள்ளைகள் பள்ளிக்கும் ஆண்பிள்ளைகள் மாட்டுக்குப் பின்னாலும் போனார்கள். பக்கத்து வீட்டு பாகிசோ இருபது வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர். அந்தச் சின்ன ஊரில் பெரிய திரை போன் அவரிடம் ஒன்றுதான். கீறல் விழும் என்று யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

மகள் சொன்னால் ஏறாது, போன் சொன்னால் ஏறும். சரி, போனே சொல்லட்டும் என்று லிம்போ உட்கார்ந்து எழுதினாள். கஞ்சா எண்ணெய் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு மாற்றாகாது என்று பதினோரு ஆதாரங்களோடு, தேதியோடு, பெயரோடு மூன்று நாள் எழுதினாள். பக்கத்து மேசை மாமொரேனாவிடம் மதிப்பெண் போடக் கொடுத்தாள்.

"எழுபத்தெட்டு" என்றாள் மாமொரேனா. சொல்லிவிட்டு மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். "படம் இல்லாததுக்கு ரெண்டு போச்சு. இந்த அலுவலகத்துல இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லடி." மேலதிகாரிகூட வந்து வாயைத் திறந்தபடி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பக்கம் இணையத்தில் ஏறியது. அதன் இணைப்பை பாகிசோவின் போனுக்கு அனுப்பினாள். மறுநாள் அப்பா கூப்பிட்டார்.

"கேட்டேன்மா. என்ன எழுத்து, என்ன எழுத்து. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுபோச்சு."

"அப்ப மாத்திரை போட்டுட்டீங்களா?"

"மாத்திரையா? ரெண்டு சொட்டு பத்தாது, நாலு விடுன்னுல்ல போட்டிருக்கு."

லிம்போ பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். நாலு என்ற சொல்லே அதில் இல்லை.

"உன் வாக்கியம் ஒவ்வொண்ணும் இங்கேயிருந்து மலை வரைக்கும் நீளுது" என்றாள் மாமொரேனா. "வாசிக்கிறவர் மூச்சு வாங்கிப் பாதியில நிறுத்தியிருப்பார். சுருக்கமா எழுது."

சுருக்கினாள். 'மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று உச்சியில் சிவப்பெழுத்தில் போட்டாள்.

"சிவப்பு எழுத்தாமே" என்றார் அப்பா. "எவ்வளவு முக்கியமா இருந்தா சிவப்புல போடுவாங்கன்னு ஊரே அசந்துபோச்சு. ஊர்த்தலைவரோட தங்கச்சியும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டா."

மாமொரேனா யோசித்தாள். "டேட்டா தீர்ந்த போன்ல தலைப்பு மட்டும்தான் தெரியும். நீ தலைப்புல என்ன போட்டிருக்கே? 'கஞ்சா எண்ணெய் மாத்திரைக்கு மாற்றாகுமா?' கேள்வியை ஓசியில குடுத்துட்டு பதிலுக்குக் காசு கேட்டா, அவங்க என்ன பண்ணுவாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. லிம்போ அன்றைக்கே பாகிசோவின் எண்ணுக்கு ஒரு மாதத்துக்கு டேட்டா போட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்ததிலேயே பெரிய தப்பு.

"தினம் மத்தியானம் கடை வாசல்ல வாசிக்கிறார்" என்றார் அப்பா. "பக்கத்துப் பள்ளத்தாக்குலேருந்து குதிரையில வர்றாங்க. தொப்பியைக் கழட்டிட்டுக் கேக்கறாங்க. இதுவரைக்கும் என்னைத் தவிர ஏழு பேர் நிறுத்தியாச்சு. அதுல என் பேரே வருதும்மா. 'மொசியா, நீ செஞ்சது சரி'ன்னு."

"உங்க பேரா?"

"ஆமா. எனக்குத்தான் கடைசிவரைக்கும் உக்காந்து கேக்கக் குடுத்துவைக்கலை போல, தலை வலிக்குது. கண்ணுல பூச்சி பறக்குது."

லிம்போ வைத்தது வைத்தபடி கிளம்பினாள். பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டாள். ரத்த அழுத்தக் கருவியைக் கடன் வாங்கிக்கொண்டாள். வண்டி மலை ஏறி முடிப்பதற்குள் அப்பாவுக்கு என்னவெல்லாம் ஆகலாம் என்று நினைத்து நினைத்து அழுது தீர்த்தாள்.

கடை வாசலில் முப்பது பேர் போர்வையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாகிசோ. ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு கோபத்திலும் லிம்போ பிரமித்து நின்றுவிட்டாள். அவள் மதிப்பெண் போட்ட எந்தப் பக்கத்தையும் யாரும் இப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். தன் எழுத்துக்கா இந்த மரியாதை என்று நெஞ்சு ஒரு நிமிஷம் விம்மியது.

அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றினாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அவர் முகம் கன்றிக் கிடந்தது.

"மாமா, போனை வையுங்க" என்று காகிதத்தை பாகிசோவிடம் நீட்டினாள். "இதை என் கண்ணு முன்னாடி வாசிங்க. அதே பக்கம்தான்."

பாகிசோ காகிதத்தை வாங்கினார். அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"'மொசியாவுக்கு. செடியோட சமாச்சாரம் டாக்டருங்களுக்கே இன்னும் முழுசாப் பிடிபடலை. மாத்திரையோட சமாச்சாரம் பிடிபட்டிருக்கு. நீ இல்லாமப் போனா உன் பொண்ணுக்கு இந்த ஊருக்கு வர ஒரு காரணம் கிடையாது. வர்ற வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்திருக்கா. இப்பவே முழுங்கு. மிச்ச ஏழு பேரும்தான்.'"

மொசியா போர்வைக்குள் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்தார். தண்ணீர் கேட்டார். எல்லாரும் பார்க்க விழுங்கினார். ஊர்த்தலைவரின் தங்கை எழுந்து வீட்டைப் பார்த்து ஓடினாள். பின்னாலேயே ஆறு பேர் ஓடினார்கள்.

லிம்போவுக்கு உடம்பு சிலிர்த்தது. பதினோரு ஆதாரங்களால் முடியாததை மனிதர் ஒரு மூச்சில் முடித்துவிட்டாரே. காகிதத்தைத் திரும்ப வாங்கித் தேடினாள். முதல் தாளில் இல்லை, கடைசித் தாளில் இல்லை, அடிக்குறிப்பில்கூட இல்லை.

"மாமா, நான் அழுதது இதுல எந்த வரியில இருக்கு?"

பாகிசோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"மெதுவாப் பேசும்மா. எனக்கு எழுத்தே தெரியாது. இத்தனை நாளும் உங்க அப்பா முகத்தைப் பார்த்து வாசிச்சேன், இன்னிக்கு உன் முகத்தைப் பார்த்து வாசிச்சேன்."