அடுத்த வீட்டுக்காரர் கையெழுத்து

இதைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். கூடையில் இருந்தது திராட்சையா மாதுளையா என்று யாராவது மடக்கிக் கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர். மூவரும் தம்மைக் கொஞ்சம் நல்லவராக்கித்தான் சொன்னார்கள். வாத்தியாருக்கு வந்த கோபம் மட்டும் மூன்று பேர் வாயிலும் ஒரே அளவில் இருந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

"கடல் தாண்டிப் போறதுக்கு இவன் சர்ட்டிபிகேட்டா?"

வாத்தியார் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் அறைந்தார். மேசையைத் தவிர அறையில் அறைவதற்கு வேறொன்றும் மிச்சமில்லை. அலமாரி போய்விட்டது. நாற்காலிகளில் நான்கு போய்விட்டன. படங்கள் மாட்டியிருந்த இடங்களில் சுவர் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. நடுவே இரண்டு பெட்டிகள் வாயைத் திறந்து கிடந்தன.

மூன்று வாரத்தில் பயணம். எங்கோ ஒரு தீவில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்ஸ் வேண்டும், பக்கத்திலேயே பள்ளிக்கூடத்துக்கு ஒரு பூகோள ஆசிரியர் வேண்டும். கணவனும் மனைவியுமாக இப்படிப் பொருந்தி வருவது அபூர்வம் என்று மிஷன் அலுவலகத்தில் சொன்னார்கள். இருவரும் வேலையை ராஜினாமா செய்தாயிற்று. பள்ளியில் வாத்தியாரின் நாற்காலிக்குப் புதிதாக வந்த ஆசிரியை மெத்தைகூடப் போட்டுவிட்டாள். ஒன்றாம் தேதி இந்த வீட்டுக்கு வேறு குடித்தனம் வருகிறது. இனித் திரும்பிப் போக இடமில்லை. இந்த நிலையில்தான் கடைசிப் படிவம் வந்தது. அதில் ஒன்பதாவது கேள்வி.

"அடுத்த வீட்டில் குடியிருப்பவர் தம் கைப்பட எழுதவேண்டியது: இவர் எப்படிப்பட்ட அயலார்? உங்களிடம் ஆண்டவரைப் பற்றிப் பேசியிருக்கிறாரா?"

பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிராமல் சொன்னாள். "நியாயமான கேள்விதானே."

"என்ன நியாயம்? அந்த ஆள்கிட்ட நான் பேசி பதினோரு வருஷம் ஆச்சு."

"அதுக்குத்தான் கேக்கறாங்க."

வாத்தியார் வீட்டுக்கு வலப்பக்கம் ஒரு குடோன். இடப்பக்கம் ஒரு பஸ் டிரைவர், தனிக்கட்டை. வாத்தியார் குடிவந்த மூன்றாம் நாள், டிரைவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, சாரல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, திருத்தி அடுக்கிய நாற்பது விடைத்தாள்களை நனைத்துவிட்டது. வாத்தியார் மதில்மேல் தலையை நீட்டிக் கத்தினார். "உனக்கெல்லாம் தெய்வ பயம்னு ஒன்னு இருக்கா?"

டிரைவர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

திருப்பித் திட்டுகிறவனை மன்னித்துவிடலாம். பேசாமல் போகிறவனை மன்னிப்பது கடினம். அவனுடைய பதிலையும் நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாத்தியார் பதினோரு வருடமாக அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று தாமே விடை எழுதி, தாமே மதிப்பெண்ணும் போட்டு வைத்திருந்தார். தொட்டியும் பதினோரு வருடமாக வழிந்தது.

"போய் ஒரு மன்னிப்பு கேட்டுடுங்களேன்" என்றாள் மனைவி. "ஆறாயிரம் மைல் போக ரெடியா இருக்கீங்க. ஆறடி போகக் கூடாதா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? நனைஞ்சது என் பேப்பர்!"

அவர் மிஷன் அலுவலகத்துக்குப் போன் போட்டார். செயலாளர் ஓர் அம்மையார். அவரும் முப்பது வருடம் எங்கோ ஒரு காட்டில் ஊழியம் செய்துவிட்டு வந்தவர். குரலில் அவசரமே இருக்காது.

"அம்மா, இந்த ஒன்பதாவது கேள்வி... குடோன் வாட்ச்மேன்கிட்ட எழுதி வாங்கிட்டா போதுங்களா?"

"அவர் அங்க குடியிருக்காரா, பிரதர்?"

"இல்ல, வந்துட்டுப் போவார். அப்ப எதிர் வீடு?"

"அடுத்த வீடுன்னா அடுத்த வீடுதான்." தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஏன் பிரதர், அவரோட மனஸ்தாபம் ஏதாவது..."

"மனஸ்தாபமா! எங்களுக்குள்ளயா! அண்ணன் தம்பி மாதிரிம்மா."

"அப்படியா? ரொம்பச் சந்தோஷம். பொதுவா தபால்ல அனுப்பச் சொல்லுவோம். இவ்வளவு நெருக்கம்னா நானே சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து, அவரைப் பார்த்து எழுதி வாங்கிக்கறேன்."

போனை வைத்தபோது வாத்தியாரின் முகம் சுவரின் சதுரங்களைப் போல வெளுத்திருந்தது.

"அண்ணன் தம்பின்னு சொன்னீங்களே, அது பொய்யில்லைங்க" என்றாள் மனைவி. "வேதத்துல முதல்ல வர்ற அண்ணன் தம்பி காயீனும் ஆபேலும்தான். அண்ணன் தம்பியைக் கொன்னுட்டான்."

பெட்டி கட்ட உதவி செய்ய அவளுடைய தம்பி வந்திருந்தான். டயர்க் கடையில் விற்பனையாளன். எதிலும் நம்பிக்கை இழக்காதவன். அவனால் மற்றவர்கள் இழந்தது நிறைய.

"அத்தான், இதெல்லாம் ஒரு விஷயமா? கஸ்டமர் கோபமா இருந்தா நாங்க என்ன செய்வோம்? கிஃப்ட் குடுப்போம். ஒரு பழக்கூடை வாங்கி மதில்மேல வெச்சிடுங்க. பேச வேண்டிய அவசியமே இல்ல."

பேச வேண்டியதில்லை என்பது வாத்தியாருக்குப் பிடித்தது. வியாழக்கிழமை காலை, டிரைவர் வேலைக்குப் போனதும், கறுப்புத் திராட்சை நிறைந்த கூடையை மதில்மேல் வைத்தார். 'அன்புடன், அடுத்த வீடு' என்று ஓர் அட்டை. எழுதும்போது பேனா மூன்று முறை நின்றது.

பத்து மணிக்குத் தொட்டி வழக்கம்போல வழிந்தது. தண்ணீர் மதிலில் விழுந்தது. கூடை மெல்ல நகர்ந்து, சற்று யோசித்து, அந்தப் பக்கம் கவிழ்ந்தது. அங்கே கொடியில் டிரைவரின் இரண்டு காக்கிச் சட்டைகள் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன.

மதியம் டிரைவர் வந்தார். சட்டைகளைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். அட்டையைப் பொறுக்கி எடுத்துப் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்ற வாத்தியார் கொதித்தார்.

"பாத்தியா! ரெண்டு சட்டை நாசமாயிருக்கு, ஒரு வார்த்தை திட்டறானா பாரு! என்ன திமிர்!"

"திட்டினாத்தான் திருப்தியா?" என்றாள் மனைவி.

"மனுஷன்னா திட்டணும்!"

வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். சாமான் இல்லாததால் நடக்க நிறைய இடம் இருந்தது. சனிக்கிழமை காலை மைத்துனனுக்கு அடுத்த யோசனை உதித்துவிட்டது.

"அத்தான், நோயை விட்டுட்டு நோயாளிக்குப் பழம் குடுத்திருக்கோம். பிரச்சனை எங்க? தொட்டியில. தண்ணி ரொம்பினதும் குழாயை அடைக்கிற மிதவை கெட்டுப் போயிருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. அந்த ஆள் டியூட்டிக்குப் போயாச்சு. மாத்திட்டு வந்துடலாம். சாயங்காலம் அந்தம்மா வரும்போது தொட்டி வழியாது. மனுஷன் தானா உருகிடுவான்."

"அடுத்தவன் மாடியில கேக்காம ஏறறதா?"

"வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

வாத்தியாருக்கு வசனம் சொல்லி யாராவது மடக்கினால் எழுந்திருக்க முடியாது. மனைவி கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, ஏணியைத் தங்கள் மாடியிலிருந்து டிரைவர் மாடிக்குப் பாலம்போலப் போட்டுத் தவழ்ந்து போனார்கள்.

மிதவை துருப்பிடித்திருந்தது. மைத்துனன் திருகினான். வரவில்லை. ஸ்தோத்திரம் சொல்லித் திருகினான். குழாயோடு வந்துவிட்டது. டிரைவர் போட்டுவிட்டுப் போன மோட்டார் கீழே ஓடிக்கொண்டிருந்தது. உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது.

"அழுத்திப் பிடிங்க அத்தான்! விட்டா வீட்டுக்குள்ள இறங்கிடும்!"

வாத்தியார் இரண்டு உள்ளங்கையாலும் குழாயின் வாயை அடைத்து, அதன்மேல் மார்பையும் சாய்த்தார்.

"மோட்டாரை நிறுத்துடா!"

"சுவிட்சு வீட்டுக்குள்ள இருக்கு, பூட்டியிருக்கு! நான் ஓடிப்போய் பிளம்பரைக் கூட்டிட்டு வந்துடறேன்!"

ஓடினான். ஓடும்போது ஏணியையும் எடுத்துக்கொண்டு போனான். ஏன் என்று பிறகு கேட்டதற்கு, பிளம்பரிடம் ஏணி இருக்காதோ என்று நினைத்ததாகச் சொன்னான்.

நான்கு மணிக்கு வருவதாகச் சொன்ன செயலாளர் அம்மையார் பதினோரு மணிக்கே வந்துவிட்டார். கடையிலிருந்து திரும்பிய மனைவி வாசலிலேயே அவரைக் கண்டு உள்ளே அழைத்தாள். வீடு காலி. மாடியிலும் ஆளில்லை. மாடியில் நின்றபோதுதான் அவளுக்குப் பக்கத்து மாடி தெரிந்தது. இறங்கி வந்தாள்.

"பிரதர் எங்க?"

அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "பக்கத்து வீட்லதாம்மா இருக்கார்."

"பாத்தீங்களா! எவ்வளவு ஒட்டுதல்! வாங்க, அங்கயே போயிடுவோம்."

அவர்கள் டிரைவர் வீட்டு வாசலுக்குப் போன நேரமும் சட்டை மாற்றிக்கொள்ள டிரைவர் வந்த நேரமும் ஒன்றாக இருந்தது. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாடி விளிம்பிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. அதற்குப் பின்னால், தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி, கண்ணாடியில்லாமல், தலைமுடி நெற்றியில் ஒட்டி, அந்தத் தீவின் வருங்காலப் பூகோள ஆசிரியர் தெரிந்தார்.

டிரைவர் ஒன்றும் பேசவில்லை. கதவைத் திறந்தார், மோட்டாரை நிறுத்தினார், கொல்லையிலிருந்து தம் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, அடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் படிப்படியாக இறங்கினார். ஒவ்வொரு படியிலும் சொட்டினார்.

கீழே வந்து நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அப்படி நிற்கும்போது ஒருவருக்குத் தம் வயது முழுவதும் நினைவுக்கு வந்துவிடும்.

செயலாளர் கோப்பைப் பிரித்துப் பேனாவைத் திறந்தார். காட்டில் இதைவிட மோசமானதைப் பார்த்திருப்பார் போல. டிரைவரைப் பார்த்து அமைதியாகக் கேட்டார். "ஐயா, இவர் உங்ககிட்ட ஆண்டவரைப் பத்தி எப்பவாவது பேசியிருக்காரா?"

டிரைவர் வாயைத் திறக்குமுன் வாத்தியார் வெடித்தார்.

"பேசல! ஒரு வார்த்தை பேசல! இவர்கிட்ட என்ன கேக்கறீங்க, என்னைக் கேளுங்க! பதினோரு வருஷமா இந்த வாசல்ல கால் வெச்சதில்ல. அண்ணன் தம்பின்னு சொன்னது பொய். தெய்வ பயம் இருக்கான்னு இவரைப் பார்த்துக் கத்தினேன், எனக்கு எங்க போச்சு அந்த பயம்?" அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். கோபம் இன்னும் இருந்தது, ஆனால் ஆள் மாறியிருந்தது. "எவ்வளவு கெட்டவனா இருந்தாலும் ஆண்டவர் மன்னிப்பார்னு முன்னப்பின்ன தெரியாத ஜனங்ககிட்ட போய்ச் சொல்லலாம்னு இருந்தேன். உங்ககிட்ட வந்து 'மன்னிச்சுடுங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இப்பச் சொல்றேன், மன்னிச்சுடுங்க. சட்டைக்கு, தொட்டிக்கு, எல்லாத்துக்கும். நீங்க எழுதுங்கம்மா, 'இல்லை'ன்னு எழுதுங்க. நாங்க போகல."

மனைவி அவருடைய நனைந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிரைவருக்குக் கண் நிறைந்தது. இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, பதினோரு வருடத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! கேட்டுட்டீங்க!"

வாத்தியார் ஓரடி பின்வாங்கினார். "நீங்க... நீங்களும்..."

"உங்க சபைதான் சார். நான் காலைல அஞ்சு மணி ஆராதனை, முடிச்சுட்டு அப்படியே டிப்போவுக்குப் போயிடுவேன். நீங்க ஒன்பது மணி. சண்டைக்கு ரெண்டு பேர் வேணுமேன்னு நான் வாயைக் கட்டிக்கிட்டேன், ஜெபத்தை மட்டும் விடல."

"என்ன ஜெபம்?"

"ஒவ்வொரு ஞாயிறும் ஜெபக்குறிப்புல கடைசியா வாசிப்பாங்களே சார், 'கடின இருதயமுள்ள ஓர் அயலார் மனந்திரும்ப'ன்னு? நான் குடுத்ததுதான். பேர் போட வேண்டாம்னு போதகர் சொல்லிட்டார். ரெண்டு ஆராதனைக்கும் ஒரே பட்டியல்தானே. பதினோரு வருஷமா வாரா வாரம் நீங்களும் அதுக்கு ஆமென் சொல்லியிருப்பீங்களே சார்!"

ஒன்பதாவது கேள்விக்கு டிரைவர், 'நல்ல அயலார், இன்று பதினொன்றரை மணியிலிருந்து' என்று எழுதிக் கையெழுத்திட்டார். செயலாளர் அதை ஏற்றுக்கொண்டார். கணவனும் மனைவியும் சொன்ன தேதிக்கே புறப்பட்டார்கள். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அவர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். மைத்துனன் குழாய் உடைந்த மறுநாள் பிளம்பரோடு வந்து சேர்ந்தான். டிரைவர் ஓய்வு பெற்று ஒன்பது மணி ஆராதனைக்கு மாறிவிட்டார். ஜெபக்குறிப்பில் அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது அந்தத் தீவு மக்களுக்காக ஜெபிக்கிறார்கள்.