செவ்வாய்க்கிழமைச் சந்தோஷம்

ஐம்பத்திரண்டாவது வயதில் நான் ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தேன். தொந்தியைக் குறைப்பது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கம் பின்னால் வருகிறது.

நான் பஸ்ரியன். ஊர் ஓலைத்தொடுவாய். கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். நாள் முழுக்க நான் கதிரையில் இருப்பேன், என் தொந்தி மேசையில் இருக்கும். சப்பாத்துக்கு நானே குனிந்து லேஸ் கட்டி ஆறு வருஷம்.

நடக்கலாம் என்றால் மன்னாரில் எந்த மாதம் நடப்பது? வைகாசி தொடக்கம் கச்சான் காற்று மண்ணை அள்ளி வாய்க்குள் போடும். கார்த்திகையில் ஒழுங்கைக்குள் வள்ளம் விடலாம். மிச்ச மாதங்களில் வெயில். வெயில் தாழ்ந்த நேரத்தில் கழுதைகள் வந்து ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும்.

அப்போதுதான் ஜஸ்ரின் கனடாவிலிருந்து வந்து இறங்கினான். தாராபுரத்துக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு ஐஸ் களஞ்சியத்தை எடுத்தான். உள்ளே ஏ.சி. பூட்டினான். பச்சைப் புல் மாதிரி விரிப்புப் போட்டான். சுவர் அளவுக்கு வெள்ளைத் திரை கட்டினான். திரையில் ஸ்கொட்லாந்து தெரிந்தது. ஒரு பொல்லால் பந்தை அடிக்க வேண்டும். பந்து தொம் என்று திரையில் பட்டு நம்முடைய காலடியிலேயே விழும். ஆனால் படத்துக்குள் அதே பந்து பறந்து போய் எங்கோ ஒரு குழிக்குக் கிட்ட இறங்கும். எவ்வளவு தூரம் போனது என்று கம்ப்யூட்டர் சொல்லும். இதுதான் கோல்ஃப்.

"அங்க வெளியில பனி எண்டு உள்ளுக்க நிண்டு விளையாடினனாங்கள் அண்ணை. இஞ்ச வெயில் எண்டு உள்ளுக்க நிண்டு விளையாடுவம். வருஷம் முழுக்க விளையாடலாம்," என்றான் ஜஸ்ரின்.

முதல் பந்தை அடித்தேன். படத்தில் இருந்த கடலுக்குள் போனது. இரண்டாவதும் கடல். என் பரம்பரையே கடலுக்குப் போனது, பந்து மட்டும் வேறெங்கே போகும்? மூன்றாவது மண்ணுக்குள் விழுந்தது.

"மண்ணுக்க விழப்படாது அண்ணை. அது பிழை."

மன்னார்த் தீவில் மண்ணில் விழாமல் ஒரு சாமானை எங்கே விழுத்துவது? ஆனால் நாலாவது அடி நேரே போனது. அதோடு நான் விழுந்துவிட்டேன். வருஷ அட்டை ஒன்று எடுத்தேன். தினமும் பின்னேரம் ஆறு மணி என்னுடைய நேரம் என்று ஜஸ்ரின் எழுதி வைத்தான்.

அன்று திங்கட்கிழமை. வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிட்டது. என் மனைவி செலீனா மடு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றாள்.

"எங்க போட்டு வாறியள்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாதா என்னைப் பார்த்தா. செலீனாவும் என்னைப் பார்த்தாள். வாய் தன்பாட்டில் வேலை செய்தது.

"செபத்துக்கு. பட்டினத்தில ஒரு செபக்குழு துவங்கியிருக்கினம். பின்னேரத்தில செபமாலை சொல்லுறவை."

எங்களுக்குக் கல்யாணம் முடிந்து இருபத்தாறு வருஷம். ஞாயிறு பூசைக்கே அவள் என்னை இழுத்துக்கொண்டுதான் போவாள். பிரசங்கம் தொடங்க நான் நித்திரை. அப்படிப்பட்டவளின் கண் நிரம்பிவிட்டது. "கேட்டுட்டாய் அம்மா," என்று மாதாவின் காலடியைத் தொட்டாள். அன்று என் சோற்றுக் கோப்பையில் ஒரு முழு விளைமீன் தலை இருந்தது. நான் அதைக் கூசாமல் தின்றேன்.

அடுத்த நாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அடுத்த நாள் பார்த்துப் பந்து நேர்நேராகப் போனது. சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"இண்டைக்கு என்ன தேவரகசியம் சொன்னவை?" என்று கேட்டாள் செலீனா.

செபமாலையில் சந்தோஷ தேவரகசியம், துக்க தேவரகசியம், மகிமைத் தேவரகசியம் என்று வகை இருப்பது எனக்கு ஞாபகம் இருந்தது. சின்ன வயதில் படித்ததில் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

"சந்தோஷம்," என்றேன்.

"ஓமோ?" என்றாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நல்லது," என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் கேட்டாள். நானும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். பந்து நேரே போன நாள் சந்தோஷம். கடலுக்குள் போன நாள் துக்கம். ஒரே அடியில் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றால் மகிமை. பொய்க்குள்ளும் ஒரு நேர்மை வேண்டாமா? ஆனால் மகிமை என்று சொல்ல எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

வருஷம் முழுக்க விளையாடலாம் என்று ஜஸ்ரின் சொன்னது சரிதான். வருஷம் முழுக்கப் பொய் சொல்லவும் வசதி இருந்தது. பதினெட்டுக் குழியும் முடித்துவிட்டுப் பிந்தி வந்தால், தவசுகாலத்தில் சிலுவைப்பாதை. வைகாசியில் மாதா வணக்கமாதம். ஆவணியில் மடுத் திருவிழா ஆயத்தம். ஐப்பசி செபமாலை மாதம், கார்த்திகை மரித்த ஆத்துமாக்களின் மாதம். மார்கழியில் கரோல் பழக்கம் என்றேன். அங்கேதான் கொஞ்சம் இடறியது.

"பழகின பாட்டில ஒண்டைப் பாடுங்கோவன், கேப்பம்."

"தொண்டை கட்டிப்போச்சு."

"பாவம். கனக்கப் பாடியிருப்பியள்," என்று கொத்தமல்லி அவித்துத் தந்தாள். குடித்தேன்.

கொப்புளக் கதையைச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். மனச்சாட்சி விடவில்லை. விளையாடத் தொடங்கி மூன்றாவது கிழமையிலேயே இடது உள்ளங்கை பொங்கிவிட்டது.

"இதென்ன கை?" என்றாள் செலீனா.

"செபமாலை உருட்டினது."

"செபமாலையோ?"

"அழுத்தி உருட்டுறது. பக்தியில தெரியிறேல்லை."

"இடக்கையாலயோ?"

"மாறி மாறி."

தேங்காய் எண்ணெய் எடுத்துப் பூசினாள். பூசிவிட்டு வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள். "நிவேதிகா, இஞ்ச ஒருக்கா ஓடி வாரும். இவற்ர கையைப் பாரும். செபமாலை உருட்டியே பொங்கிப்போச்சு!"

நிவேதிகா ஓடி வந்தாள். என் கையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "அண்ணை, பிள்ளைக்கு நாளைக்குக் கணக்குச் சோதனை. தலையில ஒருக்கா இந்தக் கையை வைச்சுவிடுங்கோ."

வைத்தேன். அந்தப் பிள்ளை தொண்ணூறு எடுத்துத் தொலைத்தது. அடுத்த தவணைச் சோதனைக்கு என் படலையில் ஐந்து தாய்மார் பிள்ளைகளோடு நின்றார்கள். ஸ்கொட்லாந்துக் கடலுக்குள் பந்து விட்ட கையால் ஐந்து பிள்ளைகளையும் ஆசீர்வதித்தேன். எனக்குக் கூசிப் போய்விட்டது. செலீனா பக்கத்தில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினாள்.

பிறகு ஒறுத்தல் வந்தது.

"செபத்தில இருக்கிற ஆக்கள் வாயைக் கட்ட வேணும்," என்றாள். வெள்ளிக்கிழமை மீன் நின்றது. பிறகு புதன்கிழமையும் நின்றது. பிறகு மாதாவுக்கென்று சனிக்கிழமையும் நின்றது. இரவுச் சோறு கஞ்சியாக மாறியது. நண்டுக் காலத்தில் நண்டைக் கறி வைத்து, எனக்கு மணத்தை மட்டும் தந்து, கறியை நிவேதிகா வீட்டுக்கு அனுப்பினாள். நான் எதைச் சொல்லி மறுப்பது? தொந்தி என்னவோ வற்றியது. ஒரு நாள் குனிந்து லேஸைக் கட்டியே விட்டேன். "எல்லாம் கோல்ஃப் செய்த வேலை," என்று ஜஸ்ரினிடம் பெருமையடித்தேன். அவன் ஒரு மாதிரிச் சிரித்தான்.

தை மாதம் பிறந்தது. அட்டையை அடுத்த வருஷத்துக்கும் புதுப்பித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செலீனா தனியே முழங்காலில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரித்துக் கிடந்தது. அது எனக்கு விரித்தது. "நான் அங்க சொல்லிட்டன்" என்று சொல்லிச் சொல்லி வருஷம் முழுக்க அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிய எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று என் இரண்டாவது மகத்தான தீர்மானத்தை எடுத்தேன்.

ஞாயிறு பூசை முடியும் நேரம் ஃபாதர் அறிவித்தல் வாசித்தார்.

"எங்கட மூப்பர் வயசு போய் ஓய்வு எடுக்கிறார். இனி ஒவ்வொரு நாளும் பின்னேரம் கோயிலைத் திறந்து, ஆறு மணிக்குத் திருந்தாதி மணி அடிச்சு, செபமாலை சொல்லிக் குடுக்க ஒருத்தர் வேணும். மழை வெயில் பாராமல், வருஷம் முழுக்க, ஆறு மணி எண்டால் ஆறு மணிக்குப் போய் நிக்கிற ஒருத்தர் எங்கட பங்கில இருக்கிறார். பஸ்ரியன், எழும்பி நில்லுங்கோ."

எங்கே போய் நிற்கிறவர் என்று ஃபாதர் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன். எழும்பினேன். கோயில் முழுக்கக் கைதட்டியது. எல்லாரிலும் பலமாகத் தட்டியது நிவேதிகா. நான் கொப்புளக் கையைக் கூப்பியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினேன்.

"செலீனா, நான் உனக்கு ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லுங்கோ."

"அந்தச் செபக்குழு..."

"ஓம்."

"அது வந்து..."

"ஐஸ் களஞ்சியத்திலதானே?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன். "எப்ப தொடக்கம் தெரியும்?"

"ரெண்டாம் நாள் தொடக்கம்."

"ரெண்டாம் நாளோ!"

"அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை எண்டால் உலகம் முழுக்கத் துக்க தேவரகசியம். நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து சந்தோஷம் எண்டியள். எந்த நாளுக்கு எது எண்டு முதல் நன்மை எடுக்கிற பிள்ளைக்கும் தெரியும். வியாழக்கிழமைக்கு ஒளியின் தேவரகசியம் எண்டு ஒண்டு வந்து இருவது வருஷத்துக்கு மேல. அது ஒரு நாளும் உங்கட வாயில வரேல்லை."

"பிறகு ஏன் தினமும் கேட்டனி?"

"பந்து எங்க போனது எண்டு அறியத்தான். ஜஸ்ரின்ர தாய் என்னோட மரியாயின் சேனையில இருக்கிறா. நீங்கள் எங்க போறியள் எண்டதையும் அவதான் சொன்னவ. பந்தையும் அவவிட்டக் கேட்டுச் சரி பாக்கிறனான். ஒரு நாளும் பிழைக்கேல்லை. துக்கம்தான் கூட."

"அப்ப மீனை நிப்பாட்டினது?"

"தொந்தி வத்தினதோ இல்லையோ?"

"கையை ஊருக்குக் காட்டினது?"

"அது சும்மா, என்ர ஆசைக்கு."

"ஃபாதர்?"

"பங்குமனைக்குப் போய்ச் சொன்னனான். கதிரையில சாய்ஞ்சு கிடந்து சிரிச்சவர். பிறகு, மூப்பருக்கு ஆள் தேடின எனக்கு மாதா வழி காட்டிட்டா எண்டவர்."

சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"முதல் நாள் நான் அழுதனான் எல்லே. அது உண்மையா அழுதது. இருவத்தாறு வருஷமாக் கேட்டது கிடைச்சிட்டுது எண்டு அழுதனான். அந்த ஒரு நாளுக்குத்தான் இவ்வளவும்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அதுவரை பட்டதெல்லாம் வெட்கமே இல்லை. விளைமீன் தலை ஒரு வருஷம் கழித்துத் தொண்டையில் வந்து நின்றது.

"மணி அடிக்கிறன்," என்றேன்.

"அடியுங்கோ."

"புது அட்டைதான் சும்மா கிடக்கப்போகுது."

"அதைப் பற்றி நீங்கள் யோசிக்காதேங்கோ," என்றாள் செலீனா.

செவ்வாய்க்கிழமை முதல் முறையாகத் திருந்தாதி மணி அடித்தேன். கயிறு சரியாகக் கொப்புளத்தில் பிடித்தது. ஒன்பது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் செலீனா. துக்க தேவரகசியம் ஐந்தையும் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு எழுத்து விடாமல் சொல்லிக் கொடுத்தேன். செலீனா கண்ணைத் துடைத்தாள். இந்த முறையும் உண்மையான அழுகைதான். எனக்கு அதைப் பார்த்து நெஞ்சு நிறைந்துபோனது. செபம் முடிந்த கையோடு அவள் அவசரமாக எழும்பிப் போனாள். மீன் தலை வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு கோயிலைப் பூட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டு. திறந்து, மாதா படத்துக்கு முன்னால் நானே மெழுகுதிரியைக் கொளுத்தினேன். சோறும் இல்லை, கஞ்சியும் இல்லை. எட்டு மணிக்கு ஸ்கூட்டி வந்து நின்றது. செலீனா இறங்கினாள். இடது கையில் வெள்ளைக் கையுறை. மற்றக் கையில் என் வருஷ அட்டை.

"ஜஸ்ரின் ஆறு மணியை ஏழு மணியா மாத்தித் தந்தவன்," என்றாள்.

"இண்டைக்கு என்ன தேவரகசியம்?" என்றேன்.

செலீனா கையுறையைக் கழற்றி மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மகிமை," என்றாள்.