எலும்புக்கூட்டுக்குக் கற்பூரம்

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு குடும்பஸ்தன் "இதை வாங்கலாமா, வேண்டாமா?" என்று ஒரு பொருளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால், மனத்தளவில் அவன் அதை வாங்கி, உறை பிரித்து, அட்டைப்பெட்டியைப் பரண்மேல் போட்டும் விட்டான் என்று அர்த்தம். மிச்சம் இருப்பது வீட்டில் எப்படிச் சொல்வது என்கிற யோசனை மட்டுமே.

நான் அப்படி யோசித்தது, கையில் பிடித்து விளையாடுகிற கேம் கம்ப்யூட்டரைப் பற்றி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பார்க்கச் சின்ன டிபன் தட்டு மாதிரி இருக்கும். நடுவில் திரை. இரண்டு பக்கமும் கட்டைவிரலால் ஆட்டுகிற குமிழ்கள், சுற்றிலும் பொத்தான்கள். உள்ளே இருப்பது முழுக் கம்ப்யூட்டர். விலையைக் கேட்காதீர்கள், என் மனைவி இதைப் படிப்பாள். புதிதாக ஒன்று சந்தைக்கு வந்திருந்தது. அதைப் பற்றிய வீடியோக்களை மாதக்கணக்கில் பார்த்தேன். ஒருவர் உடனே வாங்கு என்பார், அடுத்தவர் வாங்குகிறவன் முட்டாள் என்பார். இரண்டுமே எனக்குச் சரியாகப் பட்டது. (நம்ம புத்தி அப்படி. கடைசியா பேசினவன் பக்கம் சாஞ்சிடும்.)

ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட்டான மஞ்சுநாத் அதை வாங்கிவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் விளையாடுவதை நான் வாய் பிளந்து பார்த்ததில் அவருக்கே சாப்பாடு இறங்கவில்லை.

"சார், ஆயுத பூஜை ரஜாக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஆடிப் பாருங்க. ஆமேலே டிசைட் பண்ணுங்க" என்று கையில் திணித்தார். (தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே இலையில் பரிமாறப்படும். ரஜா என்றால் லீவு, ஆமேலே என்றால் அப்புறம்.)

தொம்மலூரில் எங்கள் வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கவிதா கேட்டாள்.

"ஏங்க, கையில என்ன?"

மஞ்சுநாத்தோடது, பார்த்துவிட்டுத் தரப்போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான கவிதாவின் பார்வைக்கு முன்னால் உண்மை என்பது எனக்கு எப்போதுமே இரண்டாவதாகத்தான் வாயில் வரும்.

"ஆபீஸ் மெஷின். புதுசா குடுத்திருக்காங்க. கம்பெனியோட முக்கியமான டேட்டா எல்லாம் இதுலதான் இருக்கு. எல்லார் சம்பளமும்."

(யாரும் கேக்கவே இல்லை. ஒரு பொய் வாங்கினா இன்னொண்ணு இலவசம்.)

அன்று சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து "ஆபீஸ் வேலை" பார்த்தேன். ஒரு பாழடைந்த கோட்டை. அதன் வாசலில், கையில் கோடாலியோடு ஒரு ராட்சத எலும்புக்கூடு. அதைத் தாண்டினால்தான் அடுத்த கட்டம். அது என்னைத் தாண்ட விடவில்லை. சரி, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மெஷினை அப்படியே தூங்க வைத்தேன். கேம் உள்ளே முழித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆயுத பூஜை. பெங்களூரில் அன்றைக்குச் சக்கரமும் சுவிட்சும் உள்ள எதுவும் பொட்டில்லாமல் தப்பிக்காது. பூசணிக்காயும் பொரியும் வாங்க நான் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அல்சூரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்து, ஹாலில் பூஜையை அடுக்கி முடித்திருந்தார்கள். மிக்சி, ஸ்கூட்டர் சாவி, கவிதாவின் சிவப்புப் பேனாக்கள், அரிவாள்மணை. எல்லாவற்றுக்கும் நடுவில், மனைப்பலகை மேல், மாலை போட்டுக்கொண்டு மஞ்சுநாத்தின் மெஷின்.

திரையில் மூன்று கோடு சந்தனம். பொத்தானுக்கொரு குங்குமப் பொட்டு. இரண்டு குமிழ்களுக்கும் அடியில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம்.

"சக்கரம் இருந்தா பழம் வைக்கணும் மாப்ள" என்றார் மாமனார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மாமா, அது சக்கரம் இல்ல."

"சுத்துதே?"

அதற்குள் மெஷினின் தலையிலிருந்து புகை வருவதைப் பார்த்துக் கிட்டே ஓடினேன். சூடான காற்று வெளியே போவதற்காக மேல்பக்கம் வரிசையாகத் துளைகள் இருக்கும். அதில் மூன்று ஊதுபத்திகள் எரிந்துகொண்டிருந்தன.

"ஊதுபத்தி செருகறதுக்குன்னே ஓட்டை வச்சிருக்கான் பாருங்க. வெளிநாட்டுக்காரன் எவ்வளவு யோசிச்சு செய்யறான்!" என்று மாமியார் நெகிழ்ந்தார்.

அந்த நேரம் பார்த்து போனில் மஞ்சுநாத்தின் செய்தி வந்தது. அவர் அம்மா பூஜையில் வைக்க மெஷினைக் கேட்கிறாராம், எடுத்துப்போக வந்துகொண்டிருக்கிறாராம். அவர் வாசலில் வந்து நிற்பதற்குள் மெஷினை அங்கிருந்து கிளப்பித் துடைத்தாக வேண்டும். இல்லையென்றால் பொய்யும் போயிற்று, இந்த ஜென்மத்தில் மெஷின் வாங்கும் ஆசையும் போயிற்று.

"கவி, இதை மட்டும் எடுத்துக்கவா? ஆபீஸ்ல அவசரமா..."

"பூஜைல வச்சதை நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. உங்களுக்குச் சோறு போடற மெஷின். ஒரு நாள் ரெஸ்ட் குடுங்க" என்றாள் கவிதா. சொல்லிக்கொண்டே, பொட்டு வைக்காமல் விட்டுப்போயிருந்த ஒரே ஒரு பொத்தானுக்கும் அழுத்தமாகக் குங்குமம் வைத்தாள்.

அதுதான் பவர் பொத்தான்.

சந்தனக் கோடுகளுக்குப் பின்னாலிருந்து எலும்புக்கூடு எழுந்து நின்று கர்ஜித்தது. மாமனார் கையிலிருந்த மணி தானாக அடித்தது.

"என்னங்க இது?" என்றாள் கவிதா.

என் மூளை அவசரத்தில் வேலை செய்கிற விதத்தைப் பற்றி ஒரு மருத்துவர் தனியாக ஆராய்ச்சி செய்யலாம். "வைரஸ்!" என்று கத்தினேன். "கம்ப்யூட்டர் வைரஸ். இப்ப இப்படித்தான் வருது. ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும்."

"ஆஃப் பண்ணா? எல்லார் சம்பளமும் இதுலதான் இருக்குன்னீங்க? அதை அடிச்சு வெளிய தள்ளாம ஆஃப் பண்ணா எப்படி?"

"ஆமா மாப்ள. அசுரன் உள்ள இருக்கறப்ப நாம கற்பூரம் காட்டினா அது யாருக்குப் போகும்? அவனுக்கில்ல போகும்" என்றார் மாமனார்.

தர்க்கம் சரியாக இருந்தது. வேறு வழியில்லாமல், எலுமிச்சம்பழங்களை உருட்டிவிட்டு, மாலையோடும் ஊதுபத்தியோடும் மெஷினைக் கையில் எடுத்தேன். குமிழ்களில் ஈரச் சந்தனம். கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போனது. நான் முன்னால் போகச் சொன்னால் என் வீரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எலும்புக்கூடு நிதானமாக வந்து ஒரே வெட்டு. அதே சமயம் மெஷினுக்குள் சூடு ஏறி மின்விசிறி வேகம் எடுக்க, துளைகளில் அப்பியிருந்த குங்குமமும் ஊதுபத்திச் சாம்பலும் மொத்தமாகப் பறந்து என் முகத்தில் அடித்தன.

மாமனாருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் எது எழுதியிருந்தாலும் உரக்கப் படிப்பார். "யூ ஆர் டெட்" என்று திரையைப் படித்தார். பிறகு மனைவிக்காக மொழிபெயர்த்தார். "மாப்ள செத்துட்டாராம்."

மாமியார் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிவப்பாக நான் நின்றேன்.

"அய்யோ! நல்ல நாளும் அதுவுமா!"

சமையலறைக்கு ஓடிப்போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து என் தலையைச் சுற்றிப் போட்டார். எனக்கு மறு உயிர் வந்தது. (அது கேம்லயே தானா வரும். ஆனா பேரு மாமியாருக்குப் போச்சு.) மறுபடி போனேன். மறுபடி வெட்டு. "மாப்ள மறுபடியும் செத்துட்டாரு." மறுபடி உப்பு, மிளகாய்.

மாமனாரால் பொறுக்க முடியவில்லை. வழிகாட்ட ஆரம்பித்தார். பெங்களூரில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது 'வரட்டும், வரட்டும்' என்று கன்னடத்தில் கண்டக்டர் கொடுக்கிற குரல் அப்படியே வந்தது. "பர்லி, பர்லி, பர்லி... லெஃப்ட்ல ஒடிங்க... ஹோல்டான்! ஹோல்டான் மாப்ள! ப்ச். செத்துட்டாரு."

"எனக்கு மாத்திரை போடணும். சாப்பிடணும். சீக்கிரம் முடிங்க" என்று நடுவில் எச்சரிக்கை வேறு.

"உப்பு தீர்ந்துடுச்சு கவி. கல்லுப்பு வச்சிருக்கியா?" என்றார் மாமியார்.

இந்தக் கட்டத்தில்தான் அழைப்பு மணி அடித்தது. மஞ்சுநாத். புதுச்சட்டை, நெற்றியில் பொட்டு. ஹாலில் மாலையோடு தன் மெஷின், அதைப் பிடித்துக்கொண்டு செக்கச்செவேலென்று நான், சுற்றிலும் சிதறிய மிளகாய். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எஷ்டு சென்னாகி, எவ்வளவு அழகா பூஜை பண்ணியிருக்கீங்க மேடம்!"

"நீங்க இவர் ஆபீஸா? நல்ல நேரத்துல வந்தீங்க. வைரஸ் வந்திருக்கு. இவரால முடியல. கொஞ்சம் கொல்லுங்க" என்றாள் கவிதா.

மஞ்சுநாத் என்னைப் பார்த்தார். கண்ணாலும் புருவத்தாலும், காதாலும்கூட ஜாடை காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, மெஷினை வாங்கி வேட்டி நுனியால் குமிழைத் துடைத்துவிட்டு, கொட்டாவி விட்டபடியே எலும்புக்கூட்டைத் தூள் தூளாக்கினார். மாமனார் "ரைட், ரைட்!" என்று விசிலடித்தார். கவிதா கைதட்டினாள். அந்த மகிழ்ச்சியில் மஞ்சுநாத் வாயைத் திறந்தார்.

"இது ஈஸி லெவல் மேடம். சின்னப் பசங்க ஆடறது. சரி சார், கேம் ஆடிப் பாத்தீங்கல்ல? வாங்கறீங்களா, பேடவா?"

ஹாலில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் மெஷினுக்குள்ளிருந்து.

கவிதா மஞ்சுநாத்தை உட்காரவைத்து, பொரியும் காபியும் கொடுத்து, வகுப்பில் கேட்கிற மாதிரி வரிசையாகக் கேட்டாள்.

"சார்ஜ் நிக்குமா?"

"பெரிய கேம்னா நிக்காது மேடம். ஒயரோடதான் ஆடணும்."

"சூடாகுமா?"

"தோசை வார்க்கலாம்."

"வீட்டுல ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கே. அப்புறம் இது எதுக்கு?"

"பஸ்ல, மெட்ரோல போறப்ப ஆடலாம் மேடம். நான் தினம் மெட்ரோ."

"இவர் போறது ஸ்கூட்டர்ல" என்றாள் கவிதா.

மாதக்கணக்கில் நான் வீடியோ பார்த்துத் தேடிய விடை, ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது. மஞ்சுநாத் மெஷினை மாலையோடு வாங்கிக்கொண்டு கிளம்பினார். மறுவாரம் ஆபீஸில் அவர் விளையாடும்போதெல்லாம் எங்கள் வரிசை முழுக்கச் சந்தன வாசனை வீசியது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, இங்கே பூஜை அறை எங்கே என்று கேட்டார்.

பூஜையன்று மாலையே கவிதா தீர்ப்பு சொல்லியிருந்தாள். நான் எதிர்பார்த்தது 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல்லை. அவள் சிரிக்காமல் சொன்னது இது: "வாங்கிக்கோங்க. நான் தடுக்கல. ஆனா விளையாடறது இதே ஹால்ல, அப்பா, அம்மா, நான் எல்லாரும் உக்காந்து பார்க்கறப்ப மட்டும்தான்."

இன்று வரை வாங்கவில்லை. இனி வாங்கலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்கிறவர்களுக்கும் ஒரே கேள்விதான் வைத்திருக்கிறேன்: உங்கள் மாமனாருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியுமா?

மாமனாருக்கு இந்தக் கதை அலுக்கவே இல்லை. நான் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ண முடியாமல் உதைத்தாலும், காஸ் சிலிண்டரை மாட்டத் தடுமாறினாலும் பின்னாலிருந்து குரல் வரும். "மாப்ள செத்துட்டாரு." வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று காலையில் மாமியார் போன் பண்ணுவார். பூ வாங்கியாச்சா, பொரி வாங்கியாச்சா என்று கேட்பதெல்லாம் அப்புறம்தான்.

"கவி, மாப்ள உயிரோடதானே இருக்காரு?"

"இப்போதைக்கு இருக்காரும்மா" என்பாள் கவிதா. "எதுக்கும் வர்றப்ப ஒரு பாக்கெட் உப்பு வாங்கிட்டு வா."