இரண்டாவது இலை

வாலாம்பாள் இரண்டாவது இலையைப் போட்டதுமே வேங்கடசுப்ரமணியனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"யாருக்கு அது?"

"பிச்சையாவுக்குத்தான். மணி பன்னண்டு ஆகப்போறதே."

"அவன் வருவான்னு உனக்கு யார் சொன்னா?"

"நாலு வாரமா வராரே" என்றாள் வாலாம்பாள், இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே.

அவள் சொல்லி முடிக்கவில்லை, வாசல் கதவுச் சங்கிலி ஆடியது. பிச்சையா நின்றிருந்தார். குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையுடன், ஏதோ பெண் பார்க்க வந்தவர் மாதிரி வந்திருந்தார். "வாரும் ஓய், வாரும்" என்று வேங்கடசுப்ரமணியன் பல்லைக் காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டே பல்லைக் காட்டுவது சுலபமில்லை. நாலு வாரப் பழக்கத்தில் அவருக்கு அது வந்திருந்தது.

பம்பாயில், பல்லார்ட் பியரில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேங்கடசுப்ரமணியன் ஹெட்கிளார்க். பிச்சையா அவருக்குக் கீழே டெஸ்பாட்ச் குமாஸ்தா. திருநெல்வேலிக்காரர், தாராவியில் தனியாகக் குடியிருந்தார். தபால்களை அனுப்புவது அவர் வேலை. மத்தியானம் டப்பாவாலா வீட்டிலிருந்து கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டு டப்பாவை ஹெட்கிளார்க்கின் மேஜைக்குக் கொண்டுவந்து வைப்பதும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரமாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று பிச்சையா மாட்டுங்காவுக்கு வந்து மூன்று மாடி ஏறினார். அப்போது மணி பன்னிரண்டு. "சாப்பிட்டுட்டுப் போமே" என்றார் வேங்கடசுப்ரமணியன். பன்னிரண்டு மணிக்கு வாசலில் நிற்கும் யாரிடமும் மாட்டுங்காவில் சொல்லுகிற வார்த்தைதான் அது. கேட்டவர் வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "இப்பத்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்க வேண்டும். இதுதான் மரியாதை. பிச்சையாவோ "சரி சார்" என்று செருப்பைக் கழற்றிவிட்டார்.

அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை.

அரிசிப் பஞ்சம் வேறு. ரேஷனில் ஆளுக்கு அளந்து போடுவதில் பாதி சிவப்பு மைலோச் சோளம். அடுத்த வீட்டு அம்மிணியம்மா "வாராவாரம் விருந்தாளியா?" என்று கேட்டபோது, இந்தப் பஞ்சத்தில் இன்னொரு வாய்க்கு எங்கே போவது என்று வேங்கடசுப்ரமணியன் அலுத்துக்கொண்டார். ஆனால் அது பொய். பிச்சையா கோழி கொத்துகிற மாதிரிதான் சாப்பிடுவார். அரிசியால் வந்த கோபமில்லை இது.

உண்மையைச் சொல்லிவிடலாம். வேங்கடசுப்ரமணியனுக்குச் சாப்பாட்டில் குற்றம் சொல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. சாம்பாரில் புளி தூக்கல், கூட்டு குழைசல், அப்பளம் கருகல் என்று கல்யாணமான நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறார். வாரநாட்களில் வண்டி பிடிக்கிற அவசரத்தில் இரண்டொரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் கால் நீட்டி உட்கார்ந்து, உப்பில் ஆரம்பித்து மோர் வரை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லலாம். பெண் கல்யாணமாகி நாக்பூர் போய்விட்டாள். வீட்டில் இருவர்தான், கேட்க வாலாம்பாள் இருந்தாள்.

பிச்சையா பக்கத்து இலையில் உட்கார்ந்தால் இதெல்லாம் முடியுமா? தனக்குக் கீழே வேலை பார்க்கும் ஆளுக்கு முன்னால், தன் வீட்டுச் சாம்பார் சரியில்லை என்று எந்த ஹெட்கிளார்க் சொல்லுவான்? போதாக்குறைக்கு அந்த மனிதருக்கு ஒரு பழக்கம். தானாக ஒரு வார்த்தை பாராட்ட மாட்டார். ஒவ்வொரு பதார்த்தம் விழுந்ததும் இவர் முகத்தையே பார்ப்பார்.

"சாம்பார் எப்பிடி இருக்கு, சார்?"

"பிரமாதம்" என்பார் வேங்கடசுப்ரமணியன். புளி தொண்டையில் நிற்கும்.

"கூட்டு?"

"இந்த மாதிரிக் கூட்டு மாட்டுங்கா பூரா தேடினாலும் கிடைக்காது ஓய்."

"ரசம் எப்பிடி, சார்?"

நாக்கு செத்தவனா இவன், தனக்கே தெரியாதா என்று உள்ளுக்குள் வெடிப்பார். வெளியே "பேஷ்" என்பார். சொல்ல முடியாத குற்றங்களெல்லாம் வயிற்றில் தங்கி, சாயங்காலம் வரை ஏப்பமாக வந்துகொண்டிருக்கும்.

அந்த ஐந்தாவது ஞாயிறு பிச்சையா கையலம்பிக்கொண்டு போனதும் வேங்கடசுப்ரமணியன் தீர்மானித்தார். என் வீட்டில், என் சாப்பாட்டை, என் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு சாப்பிட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அடுத்த வாரம் சமையல் பதினொன்றுக்கே ஆகவேண்டும் என்று வெள்ளிக்கிழமையே உத்தரவு போட்டார். ஞாயிறு பத்து ஐம்பத்தைந்துக்குப் பிச்சையா வந்து நின்றார். அதற்கடுத்த வாரம் சாப்பாட்டை ஒன்றரைக்குத் தள்ளினார். பசியில் காது அடைத்து, தெருவைப் பார்த்த காலரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கண்ணில், ஒன்று இருபத்தைந்துக்குத் தெருமுனையில் அந்த இஸ்திரிச் சட்டை தெரிந்தது. மனிதனுக்கு மூக்கா அது, இல்லை சோதிடமா என்று அவருக்கு விளங்கவில்லை. அன்று பசி வேகத்தில் "பிரமாதம்" நாலு தடவை அதிகமாகவே வந்துவிட்டது.

நேரம் உதவாது என்று தெரிந்ததும் தேசத்தைத் துணைக்கு அழைத்தார். நாட்டில் அரிசி இல்லை, ஆகையால் இனி ஞாயிறு மத்தியானம் இந்த வீட்டில் உபவாசம் என்று பிச்சையாவிடம் வாசலிலேயே அறிவித்தார்.

"நல்ல காரியம், சார். நானும் இருக்கேன்" என்று பிச்சையா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

மணி ஒன்றாயிற்று. அம்மிணியம்மா வீட்டில் தேங்காயெண்ணெயில் நேந்திரங்காய் உப்பேரி வறுக்கும் வாசனை ஜன்னல் வழியாக வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாயிற்று. பிச்சையா பேப்பரின் வரி விளம்பரங்களைப் படிக்கத் தொடங்கியிருந்தார். மூன்று மணிக்கு வேங்கடசுப்ரமணியன் தேசத்தைக் கைவிட்டார்.

"வாலா, எதையாவது பண்ணிக் கொண்டு வா."

ஐந்தே நிமிஷத்தில் அரிசி உப்புமா வந்தது. எல்லாம் தயாராக எடுத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"உப்புமா எப்பிடி இருக்கு, சார்?"

"அமிர்தம்" என்றார் வேங்கடசுப்ரமணியன். சொன்ன பிறகுதான், நிஜமாகவே சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பிச்சையாமேல் கோபம் இரட்டிப்பாயிற்று. வாலாம்பாள் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள்.

வீட்டில் இருந்தால்தானே வருவான் என்று அடுத்த ஞாயிறு செம்பூரில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார். அங்கே மன்னி, கையில் கரண்டியோடு இலைக்கு முன்னாலேயே நின்றுகொண்டாள். சாம்பாரா அது, பருப்பு ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து ஓடியது. எப்படி இருக்கிறது என்று மன்னி மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மூன்று தடவையும் இன்னொரு கரண்டி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வாலாம்பாள் கேட்டாள். "அந்தச் சாம்பார் அவ்வளவு நன்னாவா இருந்தது?"

"வாயில வைக்க வழங்கலை."

"மூணு தரம் நன்னா இருக்குன்னேளே."

"மத்த மனுஷா முன்னாடி பின்னே என்னத்தைச் சொல்றது?"

"அதானே" என்று வாலாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு வயிறு சரியில்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போனால், பிச்சையா டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "செம்பூர்ல சாப்பாடு எப்பிடி, சார்?" என்று கேட்டார். செம்பூர் போன விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட விடாமல் கோபம் கண்ணை மறைத்தது. இனி நயம் கிடையாது, பயம்தான்.

வாய்ப்பும் தானாக வந்தது. கல்யாணில் இருந்த கம்பெனிக் கிடங்குக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மானேஜர் எழுதிக் கேட்டிருந்தார். அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு, வியாழக்கிழமைதான் லீவு. இதைப் படித்தபோது வேங்கடசுப்ரமணியனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிச்சையாவின் பெயரை எழுதி, பொறுப்பானவர், நேரம் தவறாதவர் என்று இரண்டு வரி புகழ்ந்தும் வைத்தார். நேரம் தவறாதவர் என்று எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது.

ஆர்டர் வந்த அன்று பிச்சையா அவர் மேஜை முன்னால் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"சார்ஜ் லிஸ்ட் எழுதிட்டீரா ஓய்?" என்று அதட்டினார் வேங்கடசுப்ரமணியன். இடம் மாறுகிறவர், தான் பார்த்த வேலையை வரிசையாக எழுதிக் கையெழுத்து வாங்கி, அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். அந்த ஆபீசில் இதை ஏற்படுத்தியவரே அவர்தான். ஒருமுறை ஒருவர் கோந்து புட்டியை எழுதாமல் விட்டதற்காக, ரயில் ஏறப்போனவரைத் திருப்பி அழைத்திருக்கிறார்.

"செய்யிற வேலை எல்லாத்தையும் எளுதணுமா, சார்?"

"எல்லாத்தையும்."

"ஆபீசுக்கு வெளியில செய்யிறதையுமா?"

"தபாலாபீஸ், துறைமுகம், எங்கே போனாலும் கம்பெனி வேலைதானே? ஒண்ணு விடாம எழுதும். உமக்கு அப்பறம் வர ஆள் முழிச்சிண்டு நிக்கப்படாது."

பிச்சையா பேனாவை எடுத்துக்கொண்டார். தன் இடத்துக்குப் போய் வெகுநேரம் எழுதினார். சாயங்காலம் அவர் நீட்டிய இரண்டு பக்கத்தையும் வேங்கடசுப்ரமணியன் வாழ்நாளில் முதல் தடவையாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கே இலையை அவரே போட்டார். ஒரே இலை.

வாலாம்பாள் பரிமாறினாள். அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வேங்கடசுப்ரமணியன் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, பத்து வாரத்துப் பாக்கியை எடுத்து விட்டார். வெண்டைக்காய் வழவழ என்றிருக்கிறது. அவியலில் தயிர் புளித்துவிட்டது. சாம்பாரில் பெருங்காயம் போட்டாயா, பெருங்காய டப்பாவை அலம்பி ஊற்றினாயா? அப்பளத்தைப் பொரிக்கச் சொன்னால் ஏன் எரிக்கிறாய்? பேசப்பேச அவருக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. ஆனால் வாலாம்பாள் பதிலுக்கு முகத்தைக்கூடச் சுளிக்காமல் நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. ரசம் விழுந்ததும் குரல் ஏறியது.

"இதுக்குப் பேர் ரசமா? நகரு, ரசம்னா எப்படி இருக்கணும்னு நான் காட்டறேன்."

எச்சில் கையை உதறி அலம்பிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் கிடந்த துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் புகுந்தார். ஸ்டவ்வைப் பற்றவைத்தார். உப்பைப் போட்டார், அதிகமாகிவிட்டது. தண்ணீர் விட்டார். மிளகுப்பொடியைத் தட்டினார், பாதி டப்பா உள்ளே விழுந்தது. புளியைக் கரைத்து விட்டார். அரைப் படி ரசம் குண்டான் நிறையப் பொங்கி ஸ்டவ்வை அணைத்தது. புகையில் இருமிக்கொண்டிருக்கும்போது கதவுச் சங்கிலி ஆடியது.

வாலாம்பாள் சட்டென்று நிமிர்ந்தாள். "நீ இரு" என்று வேங்கடசுப்ரமணியன் கையில் கரண்டியோடு, வேர்வை வழியப் போய்க் கதவைத் திறந்தார்.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். குளித்து, தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. தலைத்துண்டையும் கரண்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சமையல்காரரே, ஹெட்கிளார்க் சார் வீடு இதுதானே? சார் சாப்பிட ஒக்காந்துட்டாவளா?"

"நீர் யார்?" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"எம் பேரு சேசுராஜ். நாளையிலேருந்து பிச்சையா அண்ணாச்சி எடத்துல டெஸ்பாட்ச்ல சேருதேன். அண்ணாச்சி நேத்தே சார்ஜ் லிஸ்ட் குடுத்துட்டாவ. அதுல பதினாலாவது வேலை இங்கதான் போட்டிருக்கு, இன்னைக்கே தொடங்கணும்னுட்டு வந்தேன். சார் இன்னும் என்னைப் பார்த்ததில்ல. ஆனா பாருங்க, கீள சாரே கையெழுத்துப் போட்டிருக்காவ."

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து, உள்ளே இருக்கும் சாருக்குக் கேட்டுவிடாதபடி, கரண்டிக்காரரின் காதருகே குனிந்து மெல்லப் படித்தார்:

"பதினாலு. ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஹெட்கிளார்க் வீட்டில் சாப்பிட உட்காரவும். நேரம் மாறினால் அம்மா டப்பாவில் சீட்டு வைப்பார்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் 'எப்பிடி இருக்கு சார்' என்று மறக்காமல் கேட்கவும், ஏனென்றால் இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அம்மா தன் சமையலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்பது அப்போது மட்டும்தான்."