குளியலறை ஸ்டூல் மேடையேறிய வெற்றிச் செய்தி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். முழங்கால்கள் மட்டும் அவ்வப்போது நலம். அங்கே நீ, உன் மனைவி, உன் வாய்க்கொழுப்பு எல்லாம் சௌக்கியந்தானே?

என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, நான் பரிமாறியதைத் தின்றுகொண்டே, "வயசானவங்க பழைய பாட்டையே ஓசியில கேட்டுக்கிட்டு வீட்ல கெடப்பாங்கக்கா. நாப்பதைத் தாண்டின ஆளு எங்க கம்பெனி கணக்குலயே இல்ல" என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? பாட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிற திமிர்! உயிரோடு இருக்கும்போதே ஆளைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டாயே என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அதனால்தான் நம் வெண்கலக் குரல் பாடகர் பல வருஷம் கழித்து மேடையேறுகிறார் என்றதும், உன்னிடம் மூச்சுவிடாமல் போனில் டிக்கெட் எடுத்தேன். பிறந்த வருஷத்தைக் கேட்டது. தள்ளித் தள்ளி என் வருஷம் வருவதற்குள் கட்டைவிரல் வீங்கிப்போச்சு. அப்புறம் பார்த்தால், எல்லாரும் நின்றுகொண்டேதான் கேட்க வேண்டுமாம்! உன் அத்தான் குளியலறை ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வாசலில் காவலாளி மறித்தான். "ஸ்டூல் உள்ள வரக்கூடாதும்மா."

"அப்ப என் முழங்காலையும் இங்கயே வச்சிட்டுப் போறேன், பத்திரமா பாத்துக்கப்பா."

முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக அதட்டிய குரலடா, அவன் தானாக வழிவிட்டான். உள்ளே உன் அத்தான் உட்கார்ந்தார். ஊரார் முதுகுதான் தெரிந்தது. எழுந்து, ஸ்டூலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் வெண்கலக் குரல் எங்களைப் பார்த்து, "அம்மா, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் குடுக்கறீங்களா? எனக்கும் முட்டி வலிதான்" என்றாரே பார்க்கலாம்! நம் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பாடினார். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. நான் கடைசிவரை நின்று ஒரு வரி விடாமல் கேட்டேன், அழுதேன்.

கச்சேரியை நடத்தியதே உங்கள் கம்பெனிதானே, முடிந்ததும் உன் மேலதிகாரி ஓடிவந்தார். "சேர் போட்டா உங்க வயசுக்காரங்க வருவாங்களாம்மா?"

"போட்டுப் பாருங்க, நிக்க இடம் இருக்காது."

வெண்கலக் குரலின் அடுத்த கச்சேரிக்கே போட்டார்கள். மெத்தை வைத்த நாற்காலி, சாயங்காலமே ஆரம்பம். போன ஞாயிறு அரங்கம் நிரம்பி, டிக்கெட் கிடைக்காமல் வாசலில் கைத்தடியோடு சண்டை. இப்போது யார் கணக்கில் யார் இல்லை, சொல்லுடா!

நீயும் குடும்பமும் நோய்நொடியில்லாமல், அக்கா பேச்சைக் கேட்டு, நீடூழி வாழ்க.

உன்னை வென்ற,
அக்கா

பின்குறிப்பு: ஞாயிறு எப்படிப் பாடினார் என்று மட்டும் கேட்காதே. அந்த நாற்காலி அவ்வளவு சொகுசு. முதல் பாட்டிலேயே உன் அத்தான் சாய்ந்தார், இரண்டாவதில் நான், அப்புறம் வரிசையே குறட்டை. விளக்கைப் போட்டு எழுப்பித்தான் அனுப்பினார்கள். அடுத்த தடவை எங்கள் வரிசையில் மட்டும் நாற்காலியை எடுத்துவிடச் சொல்லுடா, உனக்குப் புண்ணியமாகப் போகும்.