சுருண்டு படுத்த கிருமிகளும் மருந்து வழங்கல் அலுவலகமும்

மருந்து வழங்கல் அலுவலகக் கண்காணிப்பாளர் இருமினால் மேசைக் கண்ணாடி அதிரும். சில வாரம் காசநோய் மாத்திரை விழுங்கியதில் அது அடங்கிவிட்டது. இனி எதற்கு மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டார்.

"கிருமியை லேசா நினைக்காதீங்க. உடம்பு நெருக்கினா, சர்க்கரையை விட்டுட்டு உங்க கொழுப்பையே தின்னப் பழகிக்கும். அப்புறம் வேலையெல்லாம் நிறுத்திட்டுச் சுருண்டு படுத்துக்கும். மருந்து, சுறுசுறுப்பா வளர்றதைத்தான் சட்டுனு கொல்லும். படுத்துக் கிடக்கிறது தப்பிச்சிடும். மாத்திரையை நிறுத்தினீங்க, எழுந்திரிச்சிடும்."

கண்காணிப்பாளருக்குக் கிருமிகள் மேல் முதன்முறையாக மரியாதை வந்தது. அனுபவம் வாய்ந்த ஊழியர்களாகத் தெரிந்தன.

அந்த மாதமே, சோம்பேறிகளைக் களையெடுக்க மேலிடத்து ஆய்வுக்குழு வந்து இறங்கியது. கோப்புகளைப் புரட்டியது. பிழை இருந்த இடத்திலெல்லாம் ஒரே கையெழுத்து. மருந்துப் பிரிவில் 'எறும்பு' என்று பெயர் வாங்கிய அம்மாளுடையது. மற்றவர்கள் எதிலும் கையெழுத்துப் போடுவதே இல்லை. ஆகவே, "இடையறாது பணியாற்றி, அதன்வழி இடையறாது பிழை புரிந்தமைக்காக" எறும்பு பணிநீக்கம் செய்யப்பட்டார். ஏனையோர் மாசற்றவர்கள் எனச் சான்றளிக்கப்பட்டனர்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்," என்றார் எறும்பு, சாப்பாட்டு டப்பாவைப் பையில் திணித்தபடி.

"சொல்லியிருப்பேம்மா. சொன்னா அதுவும் பதிவாகிடுமே."

அவருக்கு மெய்யாகவே மனசு கஷ்டமாக இருந்தது. அன்று மத்தியானம் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் அவர் மனைவி மருந்தகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள்.

"மாத்திரை இல்லையாம்ங்க. ஊர் பூரா இல்லையாம். உங்க ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாத்தான் லாரி கிளம்புமாம்."

"அதெல்லாம் எறும்பு போடறது."

"நீங்க போடக் கூடாதா?"

"அதிகாரம் இருக்கு."

"அப்புறம் என்ன யோசனை? உங்க உயிருங்க!" என்று அவள் அழுதேவிட்டாள்.

மறுநாள் அவர் கோப்பைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். அலுவலகமே கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. ஆய்வுக்குழு இன்னும் மாடியில்தான் இருந்தது. மனைவியின் அழுத முகம் நினைவுக்கு வந்தது. எறும்பின் சாப்பாட்டு டப்பாவும் வந்தது. பேனாவை மூடினார். நாற்காலியில் சுருண்டு சாய்ந்து கண்களையும் மூடிக்கொண்டார்.

மாடியில் ஆய்வுக்குழுத் தலைவர் இருமும் சத்தம் கேட்டது.

கண்காணிப்பாளரின் நுரையீரலில் அதுவரை படுத்துக் கிடந்தவர்கள் மட்டும் ஒவ்வொருவராக எழுந்து, சோம்பல் முறித்து, வேலைக்குக் கிளம்பினார்கள்.