ஒரு தட்டுக்குக் காத்திருந்த கரண்ட் கேப்டன்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் கரண்ட் கேப்டனின் கட்டிலில் குப்புறப் படுக்காத பட்டாளத்துக்காரன் ஒருவனும் கிடையாது.

உண்மையில் அவர் கேப்டனே இல்லை. ராணுவ மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இங்கே ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் பின்னறை அவருடைய ராஜ்யம். தீராத இடுப்புவலியோடு வருகிற சிப்பாய்களின் முதுகில் நான்கு பட்டைகளை ஒட்டி, வயரை மாட்டி, கையடக்கப் பெட்டியின் குமிழைத் திருகுவார். எறும்பு ஊர்கிற மாதிரி கரண்ட் ஓடும்.

"இது வலிய எடுத்துடாதுப்பா. கொஞ்ச நேரம் மறக்கடிக்கும். அதுக்குள்ள எழுந்து நட" என்று ஊர்க்கோடி பாலகாட் வரை நடக்கத் துரத்துவார்.

கரண்ட் போதுமா என்று மட்டும் கேட்கமாட்டார். "பட்டாளத்தான் வாயி 'ஓகே சார்'னுதான் சொல்லும். அத நம்புனா அவன் தோலு வெந்துடும்." அவருடைய அப்பா, சுரங்கத்தில் கேஜ் என்கிற ஆள் கூண்டை ஏற்றி இறக்க மணி அடித்தவர். அந்த மணிக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டார் மகன். படுத்திருப்பவர் கட்டில் கம்பியில் தட்ட வேண்டும்: ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் குறை, மூன்று என்றால் ஏற்று.

ஒருநாள் பக்கத்துக் கடையில் போட்டோவுக்குச் சட்டம் போடுகிறவர் ஆணி அடித்தார். மூன்று அடி. கேப்டன் திரும்பிப் பார்க்காமல் ஏற்றினார். மறுபடி மூன்று. மறுபடி ஏற்றினார். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால்தான் எழுகிற ஓய்வுபெற்ற சுபேதார், கட்டிலிலிருந்து பாய்ந்து, பட்டையும் வயருமாக வாசலில் நின்றார்.

"ஐயோ, நான் தட்டவே இல்லய்யா!"

"தட்டாமலே எழுந்துட்டீங்களே, இன்னும் இன்னா வேணும்?" என்றார் கேப்டன், கொஞ்சமும் கூசாமல். அன்றிலிருந்து போட்டோ கடைக்காரர் ஆணி அடிக்குமுன் வந்து அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

என் தங்கையின் கணவன் ஸ்டீபன் லீவில் வந்தான். ராணுவ லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு போயிருந்தது. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. ஆனால் யூனிட் டாக்டரிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் மெடிக்கல் கேட்டகிரியை இறக்குவார்கள், வரப்போகிற பதவி உயர்வு போய்விடும்.

நான்தான் கூட்டிப் போனேன். கேப்டன் கரண்டை ஏற்றினார். தட்டு இல்லை. இன்னும் ஏற்றினார். ஸ்டீபன் தலையணையைக் கடித்துக்கொண்டு கண்ணில் நீர் முட்டக் கிடந்தானே தவிர, விரலை அசைக்கவில்லை. கடைசியில் கேப்டனே நிறுத்தினார்.

"இன்னாப்பா, ஒரு தட்டு தட்டினா மானம் போயிடுமா?"

"பழக்கமாயிடுச்சு சார்."

கேப்டனின் இடுப்பில் எப்போதும் ஏதோ புடைத்திருக்கும். குவார்ட்டர் பாட்டில் என்று தெரு முழுக்கப் பேச்சு. பரப்பியவர்களில் நானும் ஒருவன். அவர் சட்டையைத் தூக்கினார். அதே மாதிரி ஒரு கரண்ட் பெட்டி. முதுகில் அதே பட்டைகள்.

"நானும் மறைச்சவன்தான். ஸ்ட்ரெச்சர் தூக்கித் தூக்கிப் புடிச்ச வலி. புரமோஷன் வந்துச்சு, வலி போவல. நீ போய் டாக்டருகிட்ட சொல்லிடு."

ஸ்டீபன் சொல்லிவிட்டான். பதவி உயர்வு அந்த முறை கைநழுவியது. லாரியிலிருந்து இறக்கி ஸ்டோர் வேலை கொடுத்து, சிகிச்சையும் ஆரம்பித்தார்கள்.

போன மாதம் அங்கிருந்து ஸ்டீபனின் போன் வந்தது. "மச்சான், கேப்டன் சார்கிட்ட குடுங்க. இங்க கரண்ட் வெச்சிருக்காங்க." கிளினிக்குக்கு ஓடிப்போய் ஸ்பீக்கரில் போட்டேன். போனுக்குள்ளே கட்டில் கம்பியில் ஒரே ஒரு தட்டு கேட்டது.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கத்துக்கிட்டான் பாரு" என்றார்.

குவார்ட்டர் கதைக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் இடுப்புப் பெட்டியை வாங்கி, புது பேட்டரி போட்டு, என் கையாலேயே மாட்டிவிட்டேன்.